நீரவனை எதற்காகப் பிடிக்க வேண்டும்?

பாபு,

நீ அனுப்பிய காகிதக் கட்டு போன வாரமே வந்து சேர்ந்தது. உன் கதையின் இரண்டாம் பாகம் முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "அது அப்படி இல்லம்மா" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. வயசான காலத்தில் எனக்குக் கிடைத்திருக்கிற இந்தச் சௌகரியத்தை முழுசாக அனுபவிக்கப் போகிறேன். உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன், தபால்காரர் படித்தாலும் சரி. நீ நம் வீட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் எழுதலாம் என்றால், நான் உனக்கு எழுதுவதை ஊர் படித்தால் குடி முழுகிவிடாது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்கள் இப்படியே அச்சுக்குப் போனால் நம் வீட்டில் ஒரு குழந்தை தன் அப்பனை வெறுக்கும். உன் அண்ணன் மகள் தர்ஷினியைத்தான் சொல்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ கேட்டது இது: "இவ்ளோ வருஷம் லைப்ரரில ஒக்காந்துக்கினு இருந்தியே, மாயாஜாலக் கதைல வர்ற ஒரு சின்னப் பையன படிக்கிறவங்களுக்கு எதனால புடிக்குதுன்னு சொல்லும்மா." முதல் பாகத்தைக் கொண்டாடியவர்களே, இரண்டாம் பாகத்தை அச்சுக்கு முன்னால் படித்துப் பார்த்துவிட்டு, இப்போது உன் நீரவன் சலிப்பூட்டுகிறான் என்று எழுதுகிறார்களாம். பதிப்பகத்தில் அந்தப் பெண் கையைப் பிசைகிறாளாம். நீ தூக்கமில்லாமல் கிடக்கிறாயாம். கேட்கப் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் பாவம் பார்க்கிற பழக்கம் குறைந்துவிட்டது.

பழவேற்காட்டு நூலகத்தில் ஒரு புத்தகம் பிடித்திருந்ததா என்று நான் யாரையும் கேட்டதில்லை. திரும்பி வந்ததைப் புரட்டிப் பார்த்தால் போதும். நம் பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள். பிடித்த பக்கத்தில் குழம்பு இருக்கும், இறால் உரித்த விரலின் மஞ்சள் இருக்கும், மணல் இருக்கும். பிடிக்காத பக்கம் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி வெள்ளை வெளேர் என்று திரும்பும். உன் முதல் பாகம் நிறையக் கை மாறி வந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நீரவன் ஏழு தலை நண்டரசனோடு வாள் சுழற்றுகிற அத்தியாயம் வெள்ளை. பூநாரைகளின் ராணி அவன் நெற்றியில் முத்தமிட்டு, உன்னைப்போல் ஒருவன் இந்த ஏரியில் பிறந்ததில்லை என்கிற அத்தியாயம் அதைவிட வெள்ளை. நண்டுக் காவலாளி வழுக்கி விழுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மணல். புத்தகம் முழுக்க ஒரே ஒரு அத்தியாயம்தான் எண்ணெய் ஏறி, ஓரம் மடிந்து, தையல் விட்டுக் கிடக்கிறது. நண்டரசனின் சபையில், நண்பன் செய்த தப்பைத் தான் செய்ததாகச் சொல்லி நீரவன் முன்னால் வந்து நிற்கிறானே, அதுதான். அது எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பூநாரை பேசுகிறது, நம்பினேன். நண்டு அரசாளுகிறது, நம்பினேன். துடுப்பை ஓங்கினால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வழி விடுகிறது, அதையும் நம்பித் தொலைத்தேன். நீரவன் நல்லவன் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்துக்கு ஒருத்தர் வந்து அவனை நல்லவன் என்று சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்கள். கல்யாணத் தரகர்கூட மாப்பிள்ளையை இவ்வளவு புகழ மாட்டார், அவருக்கே கூச்சமாக இருக்கும். உன் பையன் தும்முவதில்லை. அவனுக்குப் பசிப்பதில்லை. அத்தனை பெரிய ஏரியைச் சுற்றி வருகிறவன் ஒரு வாய் சோறு சாப்பிட்டதாக நீ எழுதவில்லை. தோணிரேவுக் குப்பத்திலிருந்து வருகிற ஒரு பயல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நீரவன் பரவால்ல ஆயா, ஆனா அவன்கூட வெளாட முடியாது" என்றான். உன் பதிப்பகத்துப் பெண் கூட்டம் போட்டுப் பேசியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். ஆனால் அந்தப் பயலுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். நீரவன்கூட விளையாட முடியாததற்குக் காரணம், உன்கூடவும் யாரும் விளையாட முடியாது என்பதுதான்.

கோபப்படாதே. அல்லது கோபப்படு, படிப்பதை மட்டும் நிறுத்தாதே. சின்ன வயதில் உன்னை நம் ஊரில் யாருக்கும் பிடிக்காது. கெட்ட பிள்ளை இல்லை நீ. சுத்தமாக இருப்பாய், பாடம் ஒப்பிப்பாய், பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்வாய். ஆனால் சேற்றில் கால் வழுக்கி விழுந்தால், எழுந்ததும் முதலில் யார் சிரித்தார்கள் என்று சுற்றிப் பார்ப்பாய். மறுநாள் அவனைப் பற்றி வாத்தியாரிடம் ஏதாவது ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும். உன் அண்ணன் எட்டியப்பனோ, கல்யாண வீட்டுக்குச் சோற்றுக் குண்டானோடு படகில் ஏறப்போய் குண்டானோடு தண்ணீரில் விழுந்தவன். குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து நின்று, உள்ளேயிருந்தே, "எங்கடா எல்லாரும் பூட்டீங்க, ஒரே இருட்டா கீது" என்றான். சோறு போன கல்யாண வீட்டுக்காரரே அவனை அடிக்கக் கை ஓங்கியவர், அடிக்காமல் சிரித்தார். விழுந்த பிள்ளைகளை எல்லாருக்கும் பிடித்துவிடும் என்று நினைக்காதே. நீயும்தான் விழுந்தாய்.

இடி இடித்தால் உன் அண்ணனுக்கு அப்படி ஒரு பயம். அப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது, இருந்தும் பயம்தான். கரையில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் உன்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பதுங்குவான். பல் கிடுகிடுவென்று ஆட, "பயப்படாத பாபு, நான் கீறேன்ல" என்பான். நீ பயப்படவே இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், அண்ணன் பயந்தாங்கொள்ளி என்று சொன்னாய். தைரியசாலியைப் பார்த்தால் ஜனங்கள் மெச்சுவார்கள், வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். நடுங்கிக்கொண்டே பக்கத்திலிருப்பவனுக்கு ஆறுதல் சொல்கிறவனிடம்தான் போய் ஒட்டிக்கொள்வார்கள். நீரவன் புயலுக்கு முன்னால் மார்பைத் திறந்து காட்டி நிற்கிறான். அந்தப் பக்கம் வெள்ளை.

இப்போது அந்த எண்ணெய் ஏறிய அத்தியாயத்துக்கு வருகிறேன். உன் நைனா போய்ச் சேர்ந்த மறு வருஷம் அது. நம் ஊரில் யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் கழி நட்டு வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு, பாடு என்று சொல்வோம். நீ அதைக் கதையில் "அலைமுறை" என்று பெயர் மாற்றி, வானத்து விதி ஆக்கிவிட்டாய். நம் ஊரில் அது கல்யாணமான ஆண்பிள்ளைகளுக்கு, தலைக்கட்டுக்கு ஒன்றாக, சுற்றி வருவது. எட்டிக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்தும் அப்பன் இல்லாத வீடு என்று இரக்கப்பட்டு, உன் நைனாவின் பாட்டை அவன் பெயருக்கே ஊர் விட்டுக் கொடுத்திருந்தது. என் சம்பளம் உன் பொன்னேரிப் பள்ளிக்கூடத்துக்கும், உன் சீருடைக்கும், உன் கறுப்பு ஷூவுக்கும் போனது. அரிசிக்கு அவன் வலை.

பொன்னேரியில் உன் வகுப்புப் பிள்ளைகளிடம் நீ என்ன சொல்லி வைத்திருந்தாய்? ஏரியில் உனக்கென்று தனிப் பாடு இருப்பதாக, நீ சொன்னால் ஊரே வலையை இழுப்பதாக. உன் முதல் மாயாஜாலக் கதை அதுதான். அதையும் ஒருத்தரும் நம்பவில்லை, நம்பவைப்பதற்காகப் பெரிய இறாலாகக் கொண்டு வருகிறேன் என்று வாய் விட்டுவிட்டாய். அன்றைக்கு நம் வீட்டுப் பாடு இல்லை, தணிகாசலத்தின் பாடு. பொழுது சாயும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அவர் வலையின் மடியை, இறால் வந்து சேருகிற அடிப் பையை, அவிழ்த்தாய். அள்ளிக்கொண்டாய். திரும்பக் கட்டவும் செய்தாய். ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு மடியைக் கட்டத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் ஷூவுக்குப் போடுகிற முடிச்சு, இரண்டு காது வைத்த பூ முடிச்சு. அதைப் போட்டுவிட்டு வந்தாய். தண்ணீர் இழுத்த இழுப்பில் அது தளர்ந்து, அவர் பாட்டில் விழுந்த மிச்ச இறால் முழுவதும் ஏரிக்கே போய்விட்டது.

விடிந்ததும் தணிகாசலம் வெறும் வலையை இழுத்துக்கொண்டு வந்து கோயில் முன்னால் போட்டார். ஊர் கூடியது. பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றோம், நீ என் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட கோலத்தில், ஷூவோடு நின்றாய். மடிக் கயிற்றில் அந்தப் பூ முடிச்சு பாதி அவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்த அத்தனை பேர் கண்ணும் உன் காலுக்குப் போய்விட்டுத்தான் திரும்பியது. ஊரில் ஷூ போடுகிற ஒரே பிள்ளை நீ. ஊர்த் தலைவர் நாட்டார் வாயைத் திறப்பதற்குள் எட்டி முன்னால் போய் நின்று, "நான்தான் பெரிப்பா" என்றான். நாட்டார் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, "நீதான்னா இதே மாரி கட்டிக் காட்டுடா பாப்போம்" என்றார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறாய். அவன் கயிற்றைச் சுற்றினான், ஒரு காது வந்தது. அடுத்த காது வைக்கப் போனான், முதலாவது நழுவியது. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினான். கடைசியில் கயிறு அவன் கட்டைவிரலோடு சேர்ந்து இறுகிக்கொண்டது. பிறந்ததிலிருந்து காலில் செருப்புகூட ஒழுங்காகப் போடாதவன் ஷூ முடிச்சுக்கு எங்கே போவான்? விரலை உருவ முடியாமல் நிமிர்ந்து, "ராத்திரி வந்துச்சி பெரிப்பா, இப்ப வர மாட்டேங்குது" என்றான். ஊர் சிரித்தது. தணிகாசலமே தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நாட்டார் வந்து அந்த விரலைக் கயிற்றிலிருந்து விடுவித்து, "போதும்டா" என்றார். அந்த நிமிஷத்தில் நம் ஊரில் எட்டியைப் பிடிக்காத ஆள் ஒருத்தர் இல்லை. உனக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய்.

நானும் வாயைத் திறக்கவில்லை. உன் படிப்பு கெட்டுவிடும் என்று நினைத்தேன். அதை நீ தாராளமாக எழுதிக்கொள், என்னைத் தாடகை ஆக்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஊர் என்ன செய்யும்? அவனே ஒப்புக்கொண்டான், அடுத்தவர் பாட்டில் கை வைத்தால் மன்னிப்புக் கிடையாது. இரக்கப்பட்டுக் கொடுத்த பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கல்யாணம் ஆகித் தலைக்கட்டு ஆகும்வரை ஏரியில் அவனுக்கு வலை இல்லை என்று. அன்றைக்குத் தணிகாசலத்தின் பெண்டாட்டி நம் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதைத் தின்றுவிட்டு நீ படிக்க உட்கார்ந்தாய். அவன் துறைமுகத்து ஒப்பந்தக் கூலி வேலைக்குப் போனான். அங்கே இரும்புக் கயிறு இழுத்ததில் இரண்டு விரல் போயிற்று. இப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகி, பாடும் வந்துவிட்டது. மூன்று விரலால் மடியை இறுக்க முடியவில்லை, தணிகாசலத்தின் மகன் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறான். வலி இருக்கிற நாளில் குடிக்கிறான். வலி இல்லாத நாளிலும் சில நாள் குடிக்கிறான், நான் மறைக்கப் போவதில்லை.

நீ பெரிய எழுத்தாளன் ஆனாய். அந்த அத்தியாயத்தை எழுதினாய். அரண்மனைக்காரர்கள் காலணி போடுகிறார்கள், வெறுங்காலோடு வந்த நீரவனுக்கு அந்த முடிச்சு வரவில்லை, கயிற்றில் கட்டைவிரல் மாட்டிக்கொள்கிறது, சபை சிரிக்கிறது. "ராத்திரி வந்தது, இப்போது வரவில்லை" என்கிறான். உன் புத்தகத்திலேயே நீ கற்பனை செய்யாத பக்கம் அது ஒன்றுதான். பேட்டியில் யாரோ அதைப் பற்றிக் கேட்டதற்கு, சின்ன வயதில் எனக்கு நடந்த ஒரு சம்பவம் என்று சொன்னாயே, அதைத் தோணிரேவில் டீக்கடைப் போனில் வைத்து நாலு பேர் கேட்டார்கள். கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். நீ செய்தது யாருக்கும் தெரியாது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஊருக்கே அன்றைக்கே தெரியும். எட்டி சொன்னதற்காகத்தான் உன்னை விட்டார்கள். நீ ஊருக்கு வரும்போது சிரித்துப் பேசுகிறார்களே, அதுவும் அவனுக்காகத்தான்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். நீரவன் மாறவே இல்லை. முதல் பாகத்தில் நடுவில் ஒரு அத்தியாயத்துக்கு உன் அண்ணன் வந்து நீரவனாக நின்றுவிட்டுப் போனான், படித்தவர்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மற்ற பக்கங்களில் அவன் திரும்பி வருவான் வருவான் என்று காத்திருந்து பார்த்தார்கள். வரவில்லை. இரண்டாம் பாகத்தில் உன்னிடம் சரக்கு இல்லை, நீ மட்டும்தான் இருக்கிறாய். ஒரு பையனை ஜனங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்றால் அவன் கையிலிருந்து ஏதாவது போக வேண்டும், போகும்போது அவனுக்கு அது கஷ்டமாக இருக்க வேண்டும், அதை அவன் சொல்லிக் காட்டக் கூடாது. நீரவனிடமிருந்து எதுவும் போவதில்லை. வரம் வருகிறது, வாள் வருகிறது, ராணி வருகிறாள். வாங்கிக்கொண்டே இருக்கிறவனை எதற்காகப் பிடிக்க வேண்டும்?

இதற்கு நீ கண்டுபிடித்த மருந்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீரவன்மேல் இரக்கம் வரவேண்டும் என்று புதிதாக அவனுக்கு ஒரு அண்ணனைப் பிறக்க வைத்திருக்கிறாய். கரியன் என்று பெயர். கள் நாற்றம், அழுக்கு வேட்டி, வலது கையில் மூன்றே விரல். ஒரு குடம் கள்ளுக்காக உடன்பிறந்த தம்பியை நண்டரசனிடம் காட்டிக் கொடுக்கிறான். அந்த மூன்று விரல் கை தம்பியின் கழுத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி பதிந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். நல்ல வரி. எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்திருப்பாய். அன்றைக்கு அவனிடமிருந்து பாட்டை எடுத்தார்கள், அப்புறம் விரல் போயிற்று, முதல் பாகத்தில் அவன் செய்த நல்ல காரியத்தை நீ எடுத்துக்கொண்டாய். மிச்சம் இருந்தது குடியும் ஊனமும். அதையும் விட்டு வைக்கவில்லை நீ.

தர்ஷினிக்கு உன் முதல் பாகம் மனப்பாடம். சாயங்காலம் அப்பன் வந்து உட்கார்ந்தால் போதும், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தமாகப் படிப்பாள். அவனும் கால் நீட்டிக் கேட்பான். போன மழைக்கு முன்னால் ஒரு நாள் அந்த முடிச்சு அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டு, "நீ ஏன் நைனா நீரவன் மாரி இல்ல?" என்று கேட்டாள். அன்றைக்கு அவன் கொஞ்சம் குடித்திருந்தான், அந்தக் கோபம் அவளுக்கு. உண்மையைச் சொல்லிவிடுவான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன், "அந்த வெரலு மாட்டிக்கிற எடத்த இன்னொரு வாட்டி படிம்மா" என்றான். அவள் படித்தாள். அந்த இடம் வந்ததும் அன்றைக்குத் தணிகாசலம் சிரித்த மாதிரியே துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். நல்லா எழுதியிருக்கான் உங்க சித்தப்பன் என்றும் சொன்னான். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. கரியன் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். தினமும் அந்தக் கையிலிருந்து சோறு வாங்கித் தின்கிறவள் அவள்.

நீ அனுப்பிய பக்கங்களை எட்டியிடம் நானே படித்துக் காட்டினேன். ஒளித்து வைத்திருந்து பிறகு அச்சில் கேட்டால் அதிகம் வலிக்கும் என்று நினைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லாத மத்தியானம் அது. கரியன் வருகிற இடத்தில் பக்கத்தை மூடப் போனேன், அவன்தான் மேலே படி என்று கை காட்டினான். முடிந்ததும் கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "எனுக்குப் போனது எடது கைம்மா. வலதுன்னு போட்டுக்கீறான். அத்த மட்டும் சரி பண்ணச் சொல்லு" என்றான். அப்புறம், "புக்கு ஓடணும்னா போட்டுக்கட்டும், அவனுக்கும் பொழப்பு" என்றான். வேட்டியை உதறிக்கொண்டு கரைக்குப் போய்விட்டான். கூடப் பிறந்தவனுக்கு எந்தக் கை போயிற்று என்றுகூட உனக்குத் தெரியவில்லை, பாபு. ஆஸ்பத்திரிக்கு நீ வந்தபோது அவன் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு பேசினான், நீ பயப்படுவாய் என்று. நீ பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அவன் மறுபடியும் முன்னால் போய் நின்றுவிட்டான். அவன் சொல்லிவிட்டானே என்று நீ நிம்மதியாக இருப்பாய், அதனால்தான் இந்த முறை அவன் பேச்சை நான் கேட்கவில்லை. அவன் கரையில் இருக்கும்போது தர்ஷினியைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வலை, முடிச்சு, ஷூ, கோயில் முன்னால் நின்றது, பாடு போனது, விரல் போனது, எல்லாம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. குழந்தை வெறுக்கும் என்று தொடக்கத்தில் எழுதியது நீ கடைசிவரை படிக்க வேண்டும் என்பதற்காக. கரியனை நீ எடுத்தாலும் வைத்தாலும் இனிமேல் அந்தக் குழந்தைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் அப்பன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஒரு மூன்று விரல்காரனைப் பார்த்தால் என்ன நினைக்க வேண்டும் என்பது உன் யோசனைக்கு.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அட்டையில் இருக்கிற உன் போட்டோவை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நீ அதில் நன்றாகத்தான் இருக்கிறாய். பிறகு மெதுவாக, "அப்போ சித்தப்பாவ யாருக்குமே புடிக்காதா ஆயா?" என்று கேட்டாள்.

"உங்க நைனாவுக்குப் புடிக்கும்" என்றேன். "எனுக்குத் தெரிஞ்சி அவனுக்கு மட்டுந்தான்."

அம்மா